கருணையின் மொழியும் மருந்தின் விலையும்

வறிய நாடுகளுக்குப் புதிய சிகிச்சைகளைக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற வாக்கியம், குழந்தைப் புற்றுநோயைப் பற்றி உலக அரங்குகளில் எழுதப்படும் அறிக்கைகளில் ஏதேனும் ஓர் உருவில் இடம்பெறாமல் இருப்பதில்லை. வாக்கியம் நல்லது. அதற்குப் பின்னால் நிற்கும் மருத்துவர்கள் பலரும் நல்லவர்கள். எனினும் ஒரு வாக்கியத்தை அதன் நல்லெண்ணத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது விமர்சனம் ஆகாது. கொண்டுசெல்பவர் யார், அவர் கொண்டுசெல்வது யாருடைய பொருள், எந்த வாசல்வரை கொண்டுசெல்கிறார் என்ற கேள்விகளை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகின்றது. கவிதையில் ஒரு சொல் பொய்யாக ஒலித்தால் உடனே சுட்டிக்காட்டுகின்றோம். அறிக்கையின் சொல்லுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

ஆகவே இந்த வாக்கியத்தை ஜெனீவாவில் இருந்து படிக்காமல் ஒட்டுசுட்டானில் நின்று படித்துப் பார்ப்போம்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள ஊர் அது. தான்தோன்றீசுவரர் கோயிலால் பெயர்பெற்றது. அயலில் முத்தையன்கட்டுக் குளமும், அதன் நீரை நம்பிய வயல்களும், மேட்டுநிலப் பயிர்களும் உள்ளன. பண்டாரவன்னியனின் தோல்வியை 1803ஆம் ஆண்டின் பெயரால் பொறித்த கல் நின்ற கற்சிலைமடுவும் அருகிலேயே. 2009இல் முடிந்த போர் இவ்வூரின் மேலாகவே நடந்து சென்றது. மக்கள் கடற்கரைவரை ஒதுக்கப்பட்டனர்; பின்பு மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர்; அதன்பின் பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்பினர். 2012-13ஆம் ஆண்டின் அரசாங்கக் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பில் இலங்கையிலேயே வறுமை மிகுந்த மாவட்டமாக முல்லைத்தீவு காணப்பட்டது. அப்போது விகிதம் 28.8 சதவீதம். 2016இல் அயல் மாவட்டமான கிளிநொச்சி அந்த இடத்தைப் பெற்றது. 2019இல் கணக்கிடும் முறை மாறியது. முதலிடம் மீண்டும் முல்லைத்தீவுக்கே வந்தது. நாட்டின் சராசரி 14.3 சதவீதமாக இருக்க, இங்கே 44.5 சதவீதம். போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழிந்த நிலை இது.

இங்கே ஒரு கூலி விவசாயியின் ஐந்து வயதுக் குழந்தைக்கு விடாத காய்ச்சலும், முகவெளிறலும், தோலிற் செம்புள்ளிகளும் தோன்றுகின்றன என்று கொள்வோம். ஊர் வைத்தியசாலை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும். அது யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்பும். குருதிப் பரிசோதனையில் இரத்தப் புற்றுநோய் என ஐயம் வலுத்ததும், இறுதியாகக் காட்டப்படும் திசை பெரும்பாலும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையாகவே இருக்கும். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், தாய்க்கு விளங்காத மொழி பேசும் நகரில் அது இருக்கின்றது. சிகிச்சை இலவசம். 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை என்பது இந்த நாட்டு உழைக்கும் மக்கள் பெருமைப்படத்தக்க உண்மை. அதனை ஒரு வரியிலேனும் வணங்காமல் மேற்செல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் இலவசம் என்ற சொல்லில் பஸ் கட்டணம் அடங்குவதில்லை. இழந்த நாட்கூலி அடங்குவதில்லை. ஊரில் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளின் சோறும் அடங்குவதில்லை. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் நிணக்கல வகை இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரை மருந்து வேண்டும். இடையிடையே வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால், நாழிகைக் கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற வேண்டும். ஒட்டுசுட்டானின் உட்புறக் குடியிருப்புகளில், இரவில் யானை நிற்கும் பாதையில், அந்த நாழிகை எப்படிக் கழியும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

இவ்வாறு இடையில் நின்றுபோகும் சிகிச்சைக்கு மருத்துவ நூல்கள் ஒரு பெயர் வைத்திருக்கின்றன: சிகிச்சையைக் கைவிடுதல். இலக்கணப்படி இந்தத் தொடரின் எழுவாய் பெற்றோர். கைவிட்டவர்கள் அவர்களே! பஸ் கிடைக்காத வீதியும், சம்பளமற்ற விடுப்பும், தங்குமிடமற்ற நகரமும் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. யார் யாரைக் கைவிட்டார் என்பதை ஒரு சொல் இத்துணை எளிதாகத் தலைகீழாக்க முடியுமானால், சொல்லைப் பற்றிப் பேசுவது வீண்வேலை அன்று.

இதற்கு மறுபக்கமாக நமது தினசரிகளில் ஓர் உரைநடை வகையே வளர்ந்துவிட்டது. தலைமயிர் உதிர்ந்த குழந்தையின் புகைப்படம், கண்ணீரோடு தாயின் வேண்டுகோள், ஒரு தொகை, ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். பெரும்பாலானவற்றில் எந்த மருந்து என்பது இராது. அந்த மருந்தின் விலையை வகுத்தவர் யார் என்பதும் இராது. கொடுப்பவனின் மனம் இளக வேண்டும், அவனுக்குக் கேள்வி எழக்கூடாது என்பதே இந்த வகையின் எழுதப்படாத விதி. குழந்தையின் முகம் அழகாக இருந்தால் பணம் சேரும். படம் மங்கலாக இருந்தால்? உயிர் பிழைக்கும் உரிமையைப் புகைப்படக்காரனின் திறமையிடம் ஒப்படைத்த சமுதாயம், தன்னைக் கருணையுள்ள சமுதாயம் என்று அழைத்துக்கொள்கின்றது. வேண்டுகோள் விடுக்கும் தாயை நாம் குறைகூறவில்லை. அவளுக்கு வேறு மேடை தரப்படவில்லை.

கலை உலகம் இவ்விடயத்தில் நம்மை எவ்வாறு பழக்கியிருக்கின்றது? 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வெளிவந்தது. புற்றுநோய் பிடித்த கணவன், அவனைக் காக்க உழைக்கும் மருத்துவன், அதே வைத்தியசாலையில் தீராநோயுடன் ஒரு சிறுமி. 1965இல் பாலசந்தரின் 'நீர்க்குமிழி'யில் புற்றுநோய் ஒரு விளையாட்டுப்பிள்ளையைக் கொண்டுபோயிற்று. இவை திறமையாக ஆக்கப்பட்ட படங்களே. அன்றைய மருத்துவ அறிவின் எல்லையை மீறவில்லை என்பதற்காக அவற்றைக் கண்டிப்பது நியாயமன்று. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து 1982இல் 'வாழ்வே மாயம்' அதே நோயை அதே விதியாகக் காட்டியபோது உலகம் மாறியிருந்தது. இன்றுகூட நம் சிறுகதைகளிற் பல, முடிவுக்குத் திண்டாடும்போது ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோயை வரவழைத்துக் கொள்கின்றன. அங்கே நோய் ஒரு கதைக்கருவி. குழந்தை பிழைத்தால் கதை கெட்டுவிடும். எழுத்தாளன் கொன்ற அந்தக் குழந்தைகளுள் எத்தனையோ பேர் மருத்துவக் கணக்கின்படி பிழைத்திருக்க வேண்டியவர்கள்.

ஏனெனில் சென்னையில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஓடிய அதே 1962இல்தான் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் புனித யூதா குழந்தைகள் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி வாசல் வைத்திருந்த தென்மாநிலமொன்றில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வாசல் வைத்த இடம் அது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துத் தோற்றதை விட்டு, பல மருந்துகளை ஒன்றாகவும் முறையாகவும் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிணக்கல இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேரைக் குணமாக்கலாம் என்று காட்டினார். செல்வ நாடுகளில் இன்று எல்லாவகைக் குழந்தைப் புற்றுநோய்களையும் சேர்த்து 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். ஆண்டுதோறும் நோயுறும் சுமார் 400,000 குழந்தைகளுள் பெரும்பாலோர் பிறக்கும் வறிய, நடுத்தர வருமான நாடுகளிற் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவானோரே பிழைப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2018இல் அது வகுத்த குறிக்கோள், 2030இல் 60 சதவீதத்தை எட்டுவது.

இந்த இடத்தில் கொண்டுசெல்வோர் யார் என்ற கேள்வி வருகின்றது. பிங்கலுக்கு முன் வழி திறந்தவர் பொஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர். 1948 ஜூனில் வெளிவந்த அவரது அறிக்கையில் 16 குழந்தைகளுக்கு அமினொப்டெரின் கொடுக்கப்பட்டது. 10 பேரிடம் நோய் தணிந்தது. தற்காலிகமான தணிவுதான், ஆயினும் அதுவரை அதுகூடக் காணப்படவில்லை. அந்த மருந்தை ஆக்கிய ஆய்வுகூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, வறுமையிற் படித்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டுக் குறைந்த சான்றிதழோடு வெளியேறியவர். தம் சகோதரரை வெப்பமண்டல வயிற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தை ஆய்ந்த வழியிலேதான், அதற்கு எதிரான அமினொப்டெரினும் இன்றுவரை வழங்கும் மெதோட்ரெக்ஸேட்டும் அவரது கூடத்தில் பிறந்தன. ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதங்களில் அவர் காலமானார்.

அடுத்து வின்கிறிஸ்டீன். 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து இல்லாமல் இன்றும் இந்நோய்க்குச் சிகிச்சை தொடங்குவதில்லை. அது பிறக்கும் செடி, தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்றும் ஈழத்தில் பட்டிப்பூ என்றும் அழைக்கப்படுவது. மடகஸ்காரின் மண்ணுக்குரியது; நமது கோயில் வீதிகளிலும் மயான ஓரங்களிலும் கவனிப்பாரற்றுப் பூத்துக் கிடப்பது. வெப்ப நாடுகள் பலவற்றின் நாட்டு வைத்தியர் அதனை நீரிழிவுக்குக் கொடுத்து வந்தனர். ஜமெய்க்காவிலிருந்து கனடாவுக்குச் சென்ற இலைகளைக் கொண்டு அந்த நம்பிக்கையைச் சோதித்தபோதுதான், அது வெள்ளணுக்களைக் குறைப்பது கண்டறியப்பட்டது. மிகச் சிறிதளவு மருந்தைப் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். தமிழ்நாட்டின் வானம்பார்த்த நிலங்களிலிருந்தும் இலையும் வேரும் கப்பலேறின.

ஆராய்ச்சியின் பெருமையைக் கூடங்களிலிருந்து பறித்துச் செடிக்குக் கொடுப்பது நமது நோக்கமன்று. பட்டிப்பூவைக் கசக்கிக் கொடுத்தால் புற்றுநோய் போகும் என்று சொல்லித் திரியும் கூட்டத்துக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கை இழந்து மாண்ட குழந்தைகளின் பழி அக்கூட்டத்தையே சாரும். நாம் சொல்வது வேறு. இந்த மருத்துவம் ஒரு பக்கத்தார் ஆக்கி மறுபக்கத்தார்க்கு அருளிய கொடையன்று. அடிமைநாட்டு மாணவனின் மூளையும் ஏழைநாட்டுச் செடியும் அதன் அடித்தளத்தில் இருக்கின்றன. மனிதகுலத்தின் கூட்டு உழைப்பில் விளைந்ததைச் சந்தையில் வைத்து விலை சொல்வோர், விலை கொடுக்க முடியாதவனிடம் "கொண்டுவருகிறோம்" என்று பேசுகின்றனர்.

விலை எவ்வாறு இருக்கின்றது? குழந்தையின் நோயெதிர்ப்பு அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-ரி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது 475,000 டொலர் என்று விலை குறிக்கப்பட்டது. பிளினட்டுமோமாப் என்னும் மருந்து 2014இல் வெளிவந்தபோது ஒருமுறைச் சிகிச்சைக்கு 178,000 டொலர். ஓர் அரிய வகை இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளின் கதியை மாற்றிய இமாற்றினிப் மாத்திரை, இந்தியாவில் காப்புரிமையாளரின் விலைப்படி மாதத்துக்கு 120,000 ரூபா அளவில் இருந்தது. அதே மாத்திரையை இந்தியக் கம்பனிகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விற்றன. மருந்தின் பழைய உருவைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் இந்தியச் சட்டப் பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் 2007இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2013 ஏப்ரல் 1இல் டில்லி உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையும் அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து ஆக்கிய கார்-ரி சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே அந்த அனுமதி. ஆயினும் விலை மேலைநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. விலை என்பது விஞ்ஞானத்தின் விதியன்று என்பதற்கு இந்தச் சான்றுகள் போதும்.

புதிய மருந்து மட்டுந்தான் இலாபத்தின் கையில் சிக்கியிருக்கின்றது என்று எண்ணவேண்டாம். மலிவான பழைய மருந்துக்கும் அதே கதிதான், வேறு வழியில். 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டீனுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆக்கிவந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று, போதிய வருவாய் இன்மையால் நிறுத்திக்கொண்டது. மற்றதால் ஈடுகொடுக்க முடியவில்லை. அஸ்பராஜினேஸ் என்னும் இன்னோர் இன்றியமையாத மருந்தின் தரக்குறைவான வகைகள் 90க்கு மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பப்பட்டதைச் செய்தியாளர்கள் 2023இல் வெளிப்படுத்தினர். ஏழைநாட்டு வைத்தியன் மருந்தைக் கொடுத்தான்; குழந்தையின் உடலில் மருந்து இருக்கவில்லை!

இதனைக் கண்டு சிலர், அதிலும் நமது அணியைச் சேர்ந்த சிலர், ஏழை நாடுகளுக்குப் பழைய மருந்துகளே போதும், புதியவை ஆடம்பரம் என்று வாதிடுகின்றனர். பழையவை முதலில் தவறாது கிடைக்க வேண்டும் என்ற பாதியை ஏற்கின்றோம். மற்றப் பாதியை ஏற்க மாட்டோம். 2024 டிசம்பரில் வெளிவந்த பிளினட்டுமோமாப் ஆய்வை எடுத்துக்கொள்வோம். சாதாரண அபாயமுள்ள நிணக்கல இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் 87.9 சதவீதம், புதிய மருந்தும் சேர்த்துப் பெற்றோருள் 96 சதவீதம். வறிய நாட்டுக் குழந்தைகளிற் பலர் நோயால் மட்டும் இறப்பதில்லை. நோயைக் கொல்லும் கடும் மருந்தால் உடல் தளர்ந்து, தொற்று ஏறி இறக்கின்றனர். உடலை அவ்வளவாகச் சிதைக்காத ஒரு மருந்து யாருக்கு அதிகம் வேண்டும்? ஒரு மணித்தியாலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவை அடையக்கூடிய பொஸ்டன் குழந்தைக்கா, ஒட்டுசுட்டான் குழந்தைக்கா? ஏழைக்குப் புதியது வேண்டாம் என்ற வாதம் எளிமையின் குரலில் பேசும் பழைய வர்க்க நீதியே.

ஆனால் இந்த மருந்து ஒரு தடவைக்கு 28 நாட்கள் இரவுபகலாகச் சிறுசிறு துளியாக உடலில் ஏற வேண்டும். குளிரில் வைத்துக் காக்க வேண்டும், கருவி வேண்டும், பயின்ற தாதி வேண்டும். அப்படியானால் வன்னிக்கு இது எட்டாக்கனியா? குளிரூட்டிய பொருள் காட்டுப்புறத்துக்குப் போகாது என்போர் தடுப்பூசியை மறந்துவிட்டார்கள். பல ஆண்டுகளாக அது குளிர்ப்பெட்டியில் இலங்கையின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றது. குடும்பநல மருத்துவமாது ஒவ்வொரு வீட்டுப் படலையையும் அறிவாள். 1990களில் போலியோச் சொட்டு மருந்துக்காகப் போர்முனையிலும் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்தச் சொட்டு மருந்துக்காக எந்தத் தாயும் பத்திரிகையில் குழந்தையின் படத்தைப் போட்டு இரந்து நிற்கவில்லை. அரசு அதனைத் தன் கடமையாக ஏற்றது, விலை பேசி மொத்தமாக வாங்கியது, வாசல்வரை கொண்டுசென்றது. கொண்டுசெல்லுதல் என்ற சொல்லுக்கு உரிய பொருள் அங்கேதான் இருந்தது.

மொத்தமாக வாங்குதல் என்றதும் சேனக பிபிலேயை நினையாதிருக்க முடியாது. பொதுவுடைமைக் கட்சித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் எழுதிய அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. தேவையற்ற மருந்துகளைத் தள்ளி, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயரால், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, நாடு முழுவதற்கும் ஒரே கையால் வாங்குவது அதன் வழி. பன்னாட்டுக் கம்பனிகள் எதிர்த்தன; 1977க்குப் பின் அந்த வழி தேய்ந்தது. பிபிலே அதே ஆண்டில் கயானாவில் காலமானார். 2015இல் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் அவர் பெயரைச் சொல்லியே வந்தது. எனினும் தேவையான மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியையே நம்பியிருந்த நாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. கடன்பத்திரக்காரன் காத்திருக்கலாம், இரண்டாம் மாதச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் குருதி காத்திராது.

வேடிக்கை என்னவெனில், பிபிலே சொன்னதையே இன்று உலகம் கருணையின் மொழியில் சொல்கின்றது. 2021 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் மெம்பிஸ் வைத்தியசாலையும் ஆறு ஆண்டுகளுக்கு 200 மில்லியன் டொலர் ஒதுக்கி ஒரு மருந்து மேடையை அறிவித்தன. பல நாடுகளின் தேவையைத் திரட்டி, தரம் பார்த்து, மொத்தமாக வாங்கி வழங்குவது அதன் வேலை. 2025 பெப்ரவரியில் மொங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்துகள் சென்றன. நல்ல காரியம், வரவேற்கின்றோம். ஆறு ஆண்டுகள் முடிந்த மறுநாள் மருந்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் கூடவே வைக்கின்றோம். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் 27 நாட்கள் மக்கள் நடந்து இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியதன் பயனாக 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் தெற்கு வடக்குக்காக நடந்தது என்பதை எந்தக் குறுகிய மனமும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் கட்டடம் ஒருமுறை எழும்பும். மருந்து ஒவ்வொரு மாதமும் வர வேண்டும். நடைபயணத்தால் மாதச் செலவை நடத்த இயலாது.

ஒட்டுசுட்டானுக்கு இப்போது என்ன செய்யலாம்? இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் மிக நீண்ட பகுதி கடைசிப் பகுதி: நாள்தோறும் மெர்கப்டோபியூரின், வாரத்துக்கு ஒருமுறை மெதோட்ரெக்ஸேட், ஒழுங்கான குருதிக் கணக்கு. இரண்டும் மாத்திரைகள், இரண்டும் எழுபது ஆண்டுப் பழைய, மலிவான மருந்துகள். மகரகமையின் நிபுணர் வழிகாட்ட, இவற்றை முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையிலேயே கொடுக்கவும் குருதியைப் பார்க்கவும் முடியும். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு முதல் ஊசியை ஒட்டுசுட்டான் வைத்தியசாலையிலேயே போட முடியும். அதற்கு மருந்தும், எழுதிய ஒரு தாளும், இரவில் விழித்திருக்கும் ஒரு வைத்தியரும் போதும். தாய்க்குப் பயணச்சீட்டும் தங்குமிடமும் சிகிச்சைச் செலவின் பகுதியாக வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். தமிழில் பேசும் ஒருவர் மகரகமைக் குழந்தைகள் விடுதியில் எப்போதும் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் இங்கே வேலை உண்டு: ஒளி பட்டால் கண்மணியில் வெள்ளையாக மின்னும் குழந்தை, நாளுக்கு நாள் வெளிறும் குழந்தை, வயிறு ஒருபக்கம் வீங்கிய குழந்தை ஆகியோரை முதலிற் காண்போர் முன்பள்ளியிலும் முதலாம் வகுப்பிலும் இருப்போரே. இவை அமைந்த இடத்தில்தான் பிளினட்டுமோமாப் வந்து இறங்க ஒரு திண்ணை இருக்கும். இவற்றுக்கான கோரிக்கை மனு எந்த ஆசிரியர் சங்கத்தின் மாநாட்டிலும் ஒரு தீர்மானமாக வைக்கக்கூடிய அளவே நீளம் உடையது.